வானிலைக் கோள்களும் அலைவரிசைச் சமரசமும்

புயற்சின்னம் ஒன்று வங்கக் கடலில் உருப்பெற்றுக் கரையை நோக்கி நகரும் நாட்களில், மேகச் சுழலின் படத்தைப் பார்த்து அதன் போக்கை ஊகிக்க முயலாதவர் நம்மில் இல்லை. ஆயினும் அந்தப் படம் வானத்திலிருந்து பூமிக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. செயற்கைக்கோளின் கண் எவ்வளவு கூரியதாயினும், கண்டதைச் சொல்லும் குரல் தரையை எட்டாவிட்டால் அதனால் விளையும் பிரயோஜனம் ஒன்றுமில்லை. அந்தக் குரல் வானொலி அலை. அது செல்லும் வெளியோ மனித குலம் முழுமைக்கும் பொதுவானது; அங்கே ஒரே காலத்தில் ஒரே அதிர்வெண்ணில் இரு கோள்கள் பேசத் தொடங்கினால், இரண்டின் செய்தியும் கெடும். இந்த இடையூற்றை வானிலை விஞ்ஞானிகள் எவ்வாறு முன்கூட்டியே அறிந்தார்கள், எவ்வெவ் உபாயங்களால் விலக்கினார்கள், அந்த உபாயங்கள் இன்று எந்த எல்லையில் வந்து நிற்கின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானிலைக் கோள்கள் தமக்குள் கொள்ளும் மோதல் கணிதத்தால் முன்னறியத் தக்கது. நல்லெண்ணத்தால் தீர்க்கத் தக்கது. வெளியார் துறைகளிலிருந்து வரும் இடையூற்றுக்கோ அவ்விரண்டு குணங்களும் இல்லை. ஆகவே, அறுபது ஆண்டுகளாகத் தம்முள் பழகிவந்த கட்டுப்பாட்டைப் பிறருக்கும் உரிய சட்டமாக்கிக் கொள்ளாதவரை, வானிலைச் சாஸ்திரம் பெற்ற வெற்றி அரை வெற்றியே ஆகும்.

எல்லோருக்குமான ஒலிபரப்பு

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 என்னும் கோளே மேகங்களை விண்ணிலிருந்து படமெடுத்து அனுப்பிய முதல் வானிலைக் கோள். அது எடுத்த படங்களைப் பெறுவதற்குப் பெரிய நிலையங்கள் தேவைப்பட்டன. அவை அமெரிக்காவின் வசமே இருந்தன. இந்நிலையை மாற்றியது 1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைரோஸ்-8. தான் காணும் காட்சியை உடனுக்குடன், எவரும் எளிய கருவிகொண்டு பெறத்தக்க வகையில், கீழ்நோக்கி ஒலிபரப்பும் 'ஏபிடி' என்ற தானியங்கிப் பட அனுப்பு முறை அதில்தான் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. 1966-இல் எஸ்ஸா-2 அதை அன்றாடப் பணியாக்கியது. சர்வதேச இந்துமகா சமுத்திர ஆராய்ச்சியின் பொருட்டுப் பம்பாய்க் கொலாபாவில் இயங்கிய வானிலை மையத்திலும் இத்தகைய நிலையம் ஒன்று அந்த அறுபதுகளிலேயே நிறுவப்பட்டது. கோளை ஏவும் ஆற்றல் இல்லாத நாடுகளும் தம் வானத்தின் மேகத்தைத் தாமே கண்டுகொள்ளலாயின.

இந்தத் தாராள மனப்பான்மையின் உள்ளேயே பின்னாளைய சிக்கலின் வித்தும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஏபிடி ஒலிபரப்பு காலப்போக்கில் 137 முதல் 138 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் நிலைபெற்றது. கோளின் ஒலிபரப்பு ஆற்றல் ஐந்து வாட் அளவே. எனினும் இந்த அதிர்வெண்ணில், வானம் முழுவதையும் ஒருங்கே கேட்கும் சாதாரண ஆன்டெனா ஒன்றே போதும். கோளைத் தேடித் திரும்பும் வட்டக் கிண்ணமோ, அதைத் திருப்பும் இயந்திரமோ வேண்டுவதில்லை. ஏழை நாட்டின் சிறு துறைமுகமும், நடுக்கடலில் செல்லும் கப்பலும், பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியும் வானிலை நிலையமாக முடிந்தது இதனால்தான். ஆனால் வானம் முழுவதையும் கேட்கும் செவிக்கு, வேண்டிய குரலையும் வேண்டாத குரலையும் திசையால் பிரித்தறியும் சக்தி இல்லை. ஒரு கோள் மட்டும் இருந்த காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று கோள்கள் பெருகியபோது அதுவே மையப் பிரச்சினை ஆயிற்று.

மோதல் நிகழும் விதம்

துருவங்களின் அருகே சென்று சுற்றும் வானிலைக் கோள் ஒன்று ஏறத்தாழ 850 கிலோமீட்டர் உயரத்தில், 102 நிமிஷங்களுக்கு ஒருமுறை பூமியை வலம் வருகிறது. அந்த உயரத்திலிருந்து அதன் குரல் எட்டும் வட்டத்தின் ஆரம் சுமார் 3,100 கிலோமீட்டர். அதாவது பூமியின் மையத்தில் அளந்தால் 28 பாகை. கோள் நேர் தலைக்கு மேலே செல்லும் நாளில் அதைப் பதினாறு நிமிஷம் வரை கேட்கலாம். இவ்வாறான இரு கோள்களின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், படிந்த அந்தப் பிரதேசத்தில் உள்ள நிலையங்கள் இரண்டையும் ஒருசேரக் கேட்கும். இரு கோள்களுக்கும் இடையே 56 பாகைக்குக் குறைவான தூரம் இருக்கும்போதெல்லாம் பூமியில் எங்கேனும் ஓரிடத்தில் இப்படி நிகழ்ந்தே தீரும் என்பது எளிய வடிவ கணிதம்.

இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் ஒலிபரப்பினால் என்ன ஆகும்? ஏபிடி முறை பண்பலை முறை. அதற்குரிய தன்மை, இரு அலைகளில் வலியது மெலியதை அமுக்கித் தானே முழுவதும் கேட்கும்படி ஆகிவிடுவது. ஒரு கோள் உச்சியிலும் மற்றது அடிவானத்திலும் இருக்கையில் உச்சியில் உள்ளதன் படம் பெரும்பாலும் பழுதின்றி வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கையில்தான் துன்பம். ஒரு கணம் ஒன்றும் மறுகணம் மற்றொன்றும் மேலோங்க, விநாடிக்கு இரண்டு வரியாக வரையப்படும் படத்தில் அரபிக் கடலின் மேகமும் சைபீரியாவின் பனியும் கீற்றுக் கீற்றாகக் கலந்து, எதுவும் எதற்கும் உரியதாக இல்லாமற் போகும். இதனோடு டாப்ளர் விளைவும் சேர்கிறது: நெருங்கிவரும் கோளின் அதிர்வெண் மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை உயர்ந்தும், விலகிச் செல்வதன் அதிர்வெண் அதே அளவு தாழ்ந்தும் கேட்பதால், இரண்டின் வேற்றுமையினால் எழும் சீழ்க்கையொலி படத்தின் மேல் சாய்கோடுகளாகப் படியும். எண்முறை ஒலிபரப்பில் இந்தக் கோடுகள் தெரிவதில்லை. அங்கே பிழை ஓர் அளவைத் தாண்டியதும் படமே அற்றுப்போகிறது.

கணிதம் எழுதிவைத்த நாட்காட்டி

இத்தகைய மோதல் தற்செயலாக நேர்வதன்று. இரு கோள்கள் ஒரே சுற்றுத்தளத்தில் செல்வதாகவும், ஒன்றின் சுற்றுக்காலம் மற்றதைவிட ஆறே விநாடி குறைவாக இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வேகமாகச் சுற்றுவது ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக முன்னேறி, ஏறத்தாழ 72 நாட்களுக்கு ஒருமுறை மற்றதை எட்டிப்பிடித்துக் கடந்து செல்லும். அந்த 72 நாட்களில் சுமார் 22 நாட்கள் இரண்டும் 56 பாகைக்குள் இருக்கும். அந்த நாட்களெல்லாம் மோதல் நாட்கள். வேற்றுமை ஆறு விநாடியிலிருந்து இன்னும் குறைந்தால் மோதல் அரிதாகும் என்று எண்ணலாகாது. அது வரும் இடைவெளி நீளும்போது, வந்தபின் நீடிக்கும் காலமும் அதே விகிதத்தில் நீண்டு மாதங்களாகிவிடும். பஞ்சாங்கத்தில் கிரகணத்தைக் குறிக்கும் அதே நிச்சயத்தோடு, சுற்றுப்பாதையின் அளவுகளை மட்டும் கொண்டு இந்த நாட்களைப் பல வாரங்களுக்கு முன்பே குறித்துவிடலாம்.

கோள்களை வேறு வேறு தளங்களில் வைத்துவிட்டால் சிக்கல் தீராதா என்று கேட்கலாம். வானிலைத் துறையினரும் முதலில் அப்படித்தான் செய்தார்கள். காலையில் கடப்பது ஒன்று, பிற்பகலில் கடப்பது ஒன்று என்று அமெரிக்காவின் நோவா வரிசைக் கோள்கள் ஏவப்பட்டன. பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால் உண்டாகும் ஈர்ப்பு வேற்றுமை, கோளின் சுற்றுத்தளத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை கிழக்கே திருப்புகிறது. சூரியனும் அதே அளவு கிழக்கே நகர்வதுபோல் தோன்றுவதால், கோள் எந்நாளும் ஒரே உள்ளூர் நேரத்தில் ஓரிடத்தைக் கடக்கும். ஆனால் சூரியனின் ஈர்ப்பு அந்தத் தளத்தின் சாய்வை ஆண்டுக்காண்டு மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுப்பாதையைத் திருத்திக்கொள்ளும் எரிபொருள் இல்லாத நோவா கோள்கள் தமக்கு விதித்த நேரத்திலிருந்து வழுவி, பல ஆண்டுகள் கழிந்தபின், பிற்பகலுக்கு உரியது, காலையிலும் மாலையிலுமாகக் கடக்கும் மற்றதன் பக்கம் வந்து சேர்ந்துவிடும். இரண்டாண்டு வாழும் என்று எதிர்பார்த்த கோள்கள் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தது மகிழத்தக்க செய்திதான். அந்தத் தீர்க்காயுளே அலைவரிசை நெருக்கடியை வளர்த்தது.

இன்னும் ஓர் உண்மை உண்டு. தளங்கள் எவ்வளவு விலகியிருந்தாலும் அவை யாவும் துருவங்களின் அருகில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. எனவே நிலநடுக்கோட்டுப் பகுதியில் மோதலே தெரியாத இரு கோள்கள், வடகோடியில் நார்வேக்கு உரிய ஸ்வால்பார்டு தீவில் 78 பாகை அட்சரேகையில் உள்ள நிலையத்துக்கு அடிக்கடி ஒருங்கே தோன்றும். எல்லாக் கோள்களின் எல்லாச் சுற்றுகளையும் காணலாம் என்பதே அத்தகைய வடகோடி நிலையத்தின் பெருஞ் சிறப்பு. எல்லோரும் ஒருங்கே கூடும் இடமாக இருப்பதே அதன் பெருஞ் சங்கடமும் ஆகும்.

விலக்கும் உபாயங்கள்

முதல் உபாயம் அதிர்வெண்ணைப் பிரித்துக்கொள்வது. நோவா கோள் ஒவ்வொன்றிலும் 137 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இரண்டு ஒலிபரப்பிகள் இரு வேறு அதிர்வெண்களில் அமைக்கப்பட்டன. தரையிலிருந்து கட்டளையிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2002-இல் ஏவப்பட்ட நோவா-17 வரைக்கும் வழங்கியவை 137.5, 137.62 என்னும் இரண்டு. 2005-இல் ஏவப்பட்ட நோவா-18, 2009-இல் ஏவப்பட்ட நோவா-19 ஆகியவற்றுக்கு 137.1, 137.9125 என்பவை குறிக்கப்பட்டன. பின்னிரண்டும் பிற்பகல் கோள்கள். ஒரே தளத்தின் அருகே ஒரே வகையான சுற்றில் சென்றவை. ஆகையால் இளையது பணிக்கு வந்தபின் 137.1 அதற்கும், 137.9125 மூத்ததற்கும் என்று வகுக்கப்பட்டு, இறுதி வரையில் அவ்வாறே நிலைத்தது. மிக உயர்ந்த நுட்பமான படங்களை அனுப்பும் 1.7 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் இவ்வாறே 1698, 1702.5, 1707 மெகாஹெர்ட்ஸ் என மூன்று இடங்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் நடுவில் உள்ளதன் அலை இடப்புறமாகவும் மற்ற இரண்டின் அலைகள் வலப்புறமாகவும் சுழலும்படி செய்ததனால், அண்டை அதிர்வெண்ணின் கசிவு மேலும் குறைக்கப்பட்டது.

இரண்டாவது உபாயம் காலத்தைப் பிரித்துக்கொள்வது. அதிர்வெண் போதாதபோது, மோதல் நாட்களைக் கணித்து, இரண்டில் ஒன்றின் ஒலிபரப்பியை அந்த நாட்களில் நிறுத்திவைத்து, அச்செய்தியை உலகெங்கும் உள்ள நிலையங்களுக்கு முன்னறிவிப்பது வழக்கமாயிற்று. ஏரிப்பாசனத்தில் நீர் குறைந்த காலத்தில் மடைக்கு மடை முறைவைத்துத் தண்ணீர் விடும் நம் கிராமத்து நீர்க்கட்டியின் வேலையை ஒத்தது இது. பொதுவாக மூத்த கோள் மௌனம் பூண, இளையது பேசும். ஏனெனில் இளையதன் கருவிகள் புதியன, அளவுகள் நம்பத் தக்கன. நன்றாக இயங்கும் ஒரு கருவியைப் பிறிதொன்றின் நன்மைக்காக வாய்மூடச் செய்வதற்கு, அதை இயக்குவோரிடம் பெரிய கட்டுப்பாடு வேண்டும். அதிலும், நிறுத்தப்படும் ஒலிபரப்பை நம்பிக் கடலில் இருக்கும் கப்பல் எது என்று இயக்குவோருக்குத் தெரியாது. ஆகவே முன்னறிவிப்பு என்பது இங்கே கடமையின் ஓர் அங்கம்.

மூன்றாவது உபாயம் இடத்தைப் பிரித்துக்கொள்வது. மூன்றிலும் அழகியது இதுவே. ஐரோப்பியர் 2006-இல் மெட்டாப்-ஏ, 2012-இல் மெட்டாப்-பி, 2018-இல் மெட்டாப்-சி ஆகிய மூன்று கோள்களை ஏவினர். மூன்றுக்கும் சுற்றுத்தளம் ஒன்று. நேரடி ஒலிபரப்புக்கு அதிர்வெண்ணும் 1701.3 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒன்றே. ஆயினும் முதலிரண்டு கோள்களும் ஏறக்குறைய அரைச் சுற்று தூரத்தில், பூமிக்கு அப்புறமும் இப்புறமுமாக நிறுத்தப்பட்டதால் அவை ஒரே நிலையத்துக்கு ஒருங்கே தோன்றவில்லை. மெட்டாப் கோள்களுக்குத் தம் பாதையைத் திருத்திக்கொள்ளும் எரிபொருள் உண்டு. அந்த எரிபொருளே அவற்றின் அலைவரிசை ஒழுக்கத்துக்கும் காவல். அமெரிக்காவின் புதிய வரிசையில் நோவா-20, நோவா-21 இரண்டும் 7812 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் ஒலிபரப்பிக்கொண்டு, இவ்வாறே அரைச் சுற்று இடைவெளியில் செல்கின்றன.

மோதல் இரு கோள்களுக்கிடையே மட்டும் நேர்வதில்லை. ஒரே கோளின் உள்ளேயும் நேரலாம். மெட்டாப்-ஏ கோளில் 137 மெகாஹெர்ட்ஸ் எண்முறை ஒலிபரப்பியை இயக்கியபோது, அதே கோளில் இருந்து காற்றின் வெப்பநிலையை அளக்கும் 'ஹிர்ஸ்' என்ற கருவியின் அளவுகள் கெட்டன. ஒலிபரப்பா அளவீடா என்ற கேள்வி எழ, அளவீட்டைக் காக்கும்பொருட்டு ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. சிறு நிலையங்கள் பல இழந்த வசதி பெரிதுதான். எனினும் அம்முடிவின் பின்னே ஒரு தெளிவான நியதி இருந்தது: சொல்லும் சக்தியைவிடக் காணும் சக்தியே வானிலைக் கோளுக்கு முதன்மையானது.

சமரசத்தின் அமைப்புகள்

இவ்வளவு உபாயங்களும் ஒரு நாட்டின் கோள்களுக்குள் எளிதில் கைகூடலாம். பல நாடுகளின் கோள்களுக்கிடையே கைகூட வேண்டுமானால் சட்டமும் வேண்டும், நட்பும் வேண்டும். சட்டத்தைத் தருவது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1963-இல் ஜெனீவாவில் கூடிய அதன் விசேஷ மாநாடு விண்வெளிப் பணிகளுக்கு முதன்முதலாக விரிவான அலைவரிசை ஒதுக்கீடு செய்தது. கோள் ஏவ விரும்பும் நாடு தன் எண்ணத்தை முன்கூட்டியே வெளியிட்டு, பாதிக்கப்படக்கூடிய நாடுகளோடு பேசி இணங்கி, பின் சர்வதேசப் பதிவேட்டில் தன் அதிர்வெண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நடைமுறையின் சாரம்.

நட்பைத் தருவது வேறொரு மன்றம். 1972 செப்டம்பரில் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஆகியோரின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடித் தொடங்கிய ஒருங்கிணைப்புக் குழுவே அது. ஓரிடத்தின் மேலேயே நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைக் கோள்களுக்கென்று பிறந்த அக்குழு, பின்னர் துருவக் கோள்களையும் தன்னுள் அடக்கி, ரஷ்யா, சீனா, இந்தியா முதலிய நாடுகளுக்கும் பொது மன்றமாக வளர்ந்தது. அதிர்வெண் விஷயத்துக்கே உரிய விண்வெளி அதிர்வெண் ஒருங்கிணைப்புக் குழு 1980-இல் தோன்றியது. இவை சட்டம் இயற்றுவன அல்ல. எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வழக்காட வேண்டியதை ஒரே மேஜையில் உட்கார்ந்து கணக்கிட்டுத் தீர்ப்பதே இவற்றின் காரியம்.

அந்த நட்பின் பலன் எத்தகையது என்பதற்குச் சில உதாரணங்கள் போதும். கடலில் மிதக்கும் மிதவைகளும், கப்பல்களும், விமானங்களும் தம் அளவுகளைக் கோளின் வழியாக அனுப்புவதற்கு 402 முதல் 402.1 மெகாஹெர்ட்ஸ் வரை முப்பத்துமூன்று சர்வதேசத் தடங்கள் பொதுவில் வைக்கப்பட்டன. கருவி ஒரு நாட்டுக் கோளின் எல்லையைக் கடந்து மற்றொரு நாட்டுக் கோளின் எல்லைக்குள் சென்றாலும் அதன் குரல் தொடர்ந்து கேட்கும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் புவிநிலைக் கோள் ஒன்றே எஞ்சியிருந்தபோது, ஐரோப்பியரின் மெட்டியோசாட்-3 அட்லாண்டிக்கின் மேற்கே நகர்த்தப்பட்டது. ஜப்பானின் கோள் முதுமையுற்றபோது 2003-இல் அமெரிக்காவின் கோஸ்-9 பசிபிக்கின் மேற்கே 155 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வந்து உதவியது. இந்துமகா சமுத்திரத்தின் வளிமண்டலத்தை ஆராய்ந்த இண்டோயெக்ஸ் திட்டத்துக்காக 1998-இல் மெட்டியோசாட்-5 நம் சமுத்திரத்தின் மேல் 63 பாகைக்குக் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு முறையும் கோள் மட்டும் நகரவில்லை. அதன் அதிர்வெண்களும் கூடவே நகர்ந்தன. புதிய இடத்தில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அயலாரின் குரலைக் கெடுக்காதபடி அவை இடம்பெற வேண்டியிருந்தது, பெற்றன. இரவல் கொடுத்தவரும், பெற்றவரும், இடையில் நின்ற அயலாரும் ஒரே தொழிலைச் செய்பவராதலின் அது சாத்தியமாயிற்று.

வெளியிலிருந்து வரும் இடையூறு

இவ்வளவு செம்மையாக உள்வீட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொண்ட துறை, வெளியாரிடம் எப்படித் தன் உரிமையைக் காத்துக்கொண்டது என்று பார்த்தால், வருந்தத்தக்க சித்திரமே காணக் கிடைக்கிறது. 1992-இல் ஸ்பெயின் நாட்டு டோரமோலினோசில் கூடிய உலக மாநாடு, 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் செய்தி அனுப்பும் வணிகக் கோள்களுக்கும் இடம் தந்தது. 137.025 முதல் 137.175 வரையும், 137.825 முதல் 138 வரையும் உள்ள இரு சிறு துண்டுகளில் மட்டும் வணிகக் கோள்கள் இரண்டாந்தர உரிமையோடு ஒதுங்கி நிற்க வேண்டும். மற்ற இடமெல்லாம் அவற்றுக்கும் வானிலைக்கும் சம உரிமை. நோவா-18, நோவா-19 ஆகியவற்றின் 137.1, 137.9125 என்னும் எண்களை இப்போது மீண்டும் நோக்கினால், அவை இரண்டும் அந்தச் சிறு துண்டுகளுக்குள்ளேயே அமைந்திருப்பது விளங்கும். ரஷ்யாவின் மெட்டியோர் கோள்கள் வழங்கும் 137.1, 137.9 என்பவையும் அவற்றினுள்ளேயே அடங்கும். ஒரு மெகாஹெர்ட்ஸ் முழுவதும் பரவியிருந்த வானிலை, மொத்தம் 325 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள இரண்டு துண்டுகளில் தானே தன்னோடு நெருங்கி நிற்க நேர்ந்தது. கோள்கள் தமக்குள் மோதிக்கொள்ளும் நெருக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே பெரிதும் விடையாகும்.

1.7 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் 1695 முதல் 1710 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி 2014-15-இல் நடந்த ஏலத்தில் கைபேசிப் பணிக்கு விடப்பட்டது. அரசின் முக்கிய வானிலை நிலையங்களைச் சுற்றி 27 பாதுகாப்பு வட்டங்கள் வரையப்பட்டன. வட்டத்துக்குள் இருக்கும் நிலையத்துக்குக் காப்பு உண்டு. வட்டத்துக்கு வெளியே தன் முயற்சியால் கோளைக் கேட்டு வந்த கல்லூரிக்கோ, மீனவர் சங்கத்துக்கோ, தனிமனிதருக்கோ அந்தக் காப்பு இல்லை. எல்லோருக்கும் என்று 1963-இல் தொடங்கிய ஒலிபரப்பின் கொள்கைக்கு இது நேர் விரோதமானது என்பதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

கோள் பேசுவதற்குரிய அலைகளின் நிலை இது. கோள் கேட்பதற்குரிய அலைகளின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. காற்றில் உள்ள நீராவி 23.8 கிகாஹெர்ட்ஸ் அருகே மிக மெலிந்த இயற்கையான ஒலியை எழுப்புகிறது. அதை அளந்தே மழையின் மூலப்பொருள் எங்கே எவ்வளவு உள்ளது என்று அறிகிறோம். இந்த அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ள மனிதனால் முடியாது. நீரின் அணுக்கூட்டிலேயே எழுதப்பட்ட விதி அது. ஆகையால் 23.6 முதல் 24 கிகாஹெர்ட்ஸ் வரை எவரும் ஒலிபரப்பலாகாது என்பது சர்வதேச விதி. ஆனால் அதற்கு மிக அருகில், 24.25 கிகாஹெர்ட்ஸில், ஐந்தாம் தலைமுறைக் கைபேசிப் பணி தொடங்குகிறது. அதன் கசிவுக்கு எவ்வளவு வரம்பு விதிப்பது என்பதே 2019-இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் கூடிய மாநாட்டின் பெருவழக்காக இருந்தது. கைபேசித் தளநிலையங்களுக்கு 200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் −33 டெசிபெல்வாட் என்ற வரம்பும், 2027 செப்டம்பர் முதல் அதனினும் நான்கு மடங்கு கடுமையான −39 என்ற வரம்பும் விதிக்கப்பட்டன. வானிலையாளர் கேட்டது இதைவிடக் கடுமையான காப்பு. இந்த இடையூற்றின் கொடுமை, அது தன்னை இடையூறு என்று காட்டிக்கொள்ளாமையில் இருக்கிறது. கலங்கிய படத்தை எவரும் கண்டு ஒதுக்கலாம்; சிறிதே மிகுந்த ஒலியோ, சிறிதே மிகுந்த ஈரமாகக் கணக்கில் ஏறி, வருமுன் கூறலையே மெல்லத் திரித்துவிடும்.

இருளுக்கிடையே நம்பிக்கைக்கு இடமளிக்கும் உதாரணமும் ஒன்று உண்டு. மண்ணின் ஈரத்தை அளக்க ஐரோப்பியர் 2009-இல் ஏவிய ஸ்மாஸ் கோள், எவரும் ஒலிபரப்பக் கூடாத 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஏராளமான ஒலிபரப்பிகள் இயங்குவதைக் கண்டது. அவை இருக்கும் இடங்களைக் கோளே கணித்துத் தர, அந்தந்த நாட்டு அதிகாரிகளுக்கு ஒவ்வொன்றாக எழுதி, நாளடைவில் அவற்றுட் பலவற்றை நிறுத்தச் செய்தார்கள். இடையூற்றின் இடத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தால், சட்டம் இருந்தால், விடாமுயற்சியும் இருந்தால் பலன் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் ஒரு நகரம் முழுவதும் பரவிய ஆயிரமாயிரம் கைபேசிக் கம்பங்களின் கூட்டுக் கசிவை, இவ்வாறு ஒவ்வொன்றாகச் சுட்டி எவருக்கு எழுதுவது?

கொள்ளத்தக்க முடிபு

2025-ஆம் ஆண்டில் நோவா-18, நோவா-19, நோவா-15 ஆகிய மூன்றும் அடுத்தடுத்துப் பணி ஓய்வு பெற்றன. 137 மெகாஹெர்ட்ஸில் அவை வரைந்து வந்த ஏபிடி படங்களும் அத்துடன் முடிந்தன. அதனால் பிரச்சினை முடிந்துவிடவில்லை. 7750 முதல் 7900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் அமெரிக்காவின் புதிய கோள்கள் 7812-லும், மெட்டாப் கோள்களின் சேமித்த தரவு 7800-லும் வருகின்றன. சீனாவின் கோள்களும் அதே பட்டையில் இயங்குகின்றன. அகலம் மிகுந்த இந்த அலைகளுக்கு அந்த 150 மெகாஹெர்ட்ஸ் விசாலமான இடமன்று. துருவத்தருகே எல்லாத் தளங்களும் கூடும் இயல்பும் மாறவில்லை. கணக்கு பெரிதாகிறது, கணிதம் பழையதே. அக்கணக்கைச் செய்து முடிக்கும் திறமையும் நட்பும் வானிலைத் துறையிடம் இருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறோர் இடத்தில். முன்னறியத்தக்க மோதலில், இருவருள் ஒருவர் குறித்த நாட்களில் மௌனம் பூண்டால் போதுமாயிருந்தது. அந்த மௌனத்துக்கு ஓர் எல்லை இருந்தது, ஒரு கைம்மாறும் இருந்தது. வணிகத்தின் விரிவுக்காக வானிலை விட்டுக்கொடுக்கும் இடத்துக்கோ எல்லையும் இல்லை, கைம்மாறும் இல்லை; ஏலத்தில் விட்ட அலைவரிசை திரும்பி வந்த வரலாறும் அரிது. ஆகவே நாடுகள் மூன்று காரியங்களைச் செய்யக் கடமைப்பட்டிருக்கின்றன. இயற்கை விதித்த அதிர்வெண்களில் கசிவின் வரம்பை, வணிகத்தின் வசதியை வைத்து அளக்காமல், அளவீட்டின் தேவையை வைத்து அளக்க வேண்டும். புதிதாக வரும் எந்தப் பணியும், வானிலைக் கோள்கள் தமக்குள் செய்வதுபோல், இடமும் காலமும் கணித்துத் தன் ஒலிபரப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ வல்லதாக அமைய வேண்டும் என்று உரிமம் வழங்கும்போதே விதிக்க வேண்டும். பெரிய அரசு நிலையங்களுக்குத் தரும் காப்பைச் சிறிய பொது நிலையங்களுக்கும் விரிக்க வேண்டும். புயல் கரையேறும் இரவில் இணைப்புகள் அறுந்துபோனபின் நேரே வானத்தைக் கேட்கக்கூடியவை அச்சிறு நிலையங்களே. இம்மூன்றும் வானிலைத் துறைக்குச் செய்யும் சலுகைகள் ஆகா. ஒரு நாடு தன் உழவர்க்கும் மீனவர்க்கும் கடற்கரை மக்களுக்கும் செய்துகொள்ளும் காவலே அவை.